ஒரே வருஷம், ஒரே சைஸ், ஒரே 1500: அலியன் 90க்குப் போகுது, என்ட சில்பிய 55க்குக் கேக்கிறாங்க. ஏன்?

கோணமலையான் (உவர்மலை)

எல்லாருக்கும் வணக்கம், திருகோணமலையில இருந்து எழுதுறன். ஒரு மாசமா மண்டையைக் குடையிற கேள்வி ஒண்டு, கார் விளங்கின ஆக்கள் இங்க இருக்கிறீங்க எண்டபடியா கேக்கிறன், கொஞ்சம் நீளமாப் போகும் மன்னிச்சுக்கொள்ளுங்க. என்னட்ட 2008 நிசான் புளூபேர்ட் சில்பி ஒண்டு நிக்குது, ஜி11, 1500சிசி. அத்தான்ட்ட அதே 2008 டொயோட்டா அலியன் 260, அதுவும் 1500. ரெண்டும் 2011ல ஒரே கிழமையில கொழும்புக்குப் போய் ரீகண்டிஷனா (ஜப்பான்ல ஓடினதை இறக்கி விக்கிறது) எடுத்து, ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ஹபரண ரோட்டால ஓட்டிக்கொண்டு வந்த கார்கள். அப்ப ரெண்டுக்கும் இடையில 7 லட்சம் தான் வித்தியாசம். மிஞ்சின அந்தக் காசுல நான் வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு பத்தி (சாய்ப்பு) இறக்கிட்டு, அத்தானைப் பாத்து சிரிச்சன்.

இப்ப அவர் சிரிக்கிறார். அவர்ட கார் 1,60,000 ஓடினது, பின் பம்பர்ல நீளமா ஒரு கீறல், டாஷ்போட் வெயிலுக்கு வெடிச்சுக் கிடக்கு, விளம்பரம் போட்டு ரெண்டாம் நாள் தம்புள்ளையில இருந்து ஒருத்தர் வந்து 90 லட்சத்தை பாங்குல போட்டுட்டுக் கொண்டு போயிட்டார். வந்த மனுசன் பொனட்டைக் கூட வடிவாத் திறந்து பாக்கல்ல. என்ட கார் 1,18,000 தான், இங்க வந்த நாள்ல இருந்து நான் ஒரு ஆள் தான் ஓனர், சேர்விஸ் பில் ஒண்டு விடாம ஃபைல்ல கிடக்கு, ஏசி போட்டா பின்னுக்கு இருக்கிறவங்க போர்வை கேப்பாங்க. மூண்டு கிழமையா 55க்கு மேல ஒருத்தரும் வாய் திறக்கல்ல.

டேப் எடுத்து ரெண்டையும் அளந்தும் பாத்துட்டன் (வேலை இல்லாதவன் எண்டு நினைக்காதீங்க, போயா லீவு), அகலம் ஒரே அளவு. எனக்கு வேண்டியது ஒரு பதில் தான். இந்த 35 லட்சம் எங்க இருக்கு? இரும்புலயா, எஞ்சின்லயா, இல்ல முன்னுக்கு ஒட்டியிருக்கிற அந்த டொயோட்டா வட்டத்துலயா?

கிண்ணியா_நானா

தம்பி, நான் 20 வருஷமா வாகனம் வாங்கி விக்கிறவன், நேராச் சொல்றேன். உங்கட கார்ல ஒரு குறையும் இரிக்காது. ஆனா நான் அதை வாங்கினா என்ன நடக்கும் எண்டு பாருங்க.

அலியனை காலைல வாங்கினா பின்னேரம் ஆகுறதுக்குள்ள மூணு பேர் கோல் எடுப்பான். சில்பிய வாங்கினா ரெண்டு மாசம் என்ட முத்தத்துல நிக்கும், வீட்டுக் கோழி மேல ஏறிப் படுக்கும். அந்த ரெண்டு மாசமும் என்ட காசு முடங்கிக் கிடக்கும், அந்தக் காசை உருட்டினா நான் வேற மூணு வாகனம் வாங்கி வித்திரிப்பேன். அந்த மூணு லாபத்தையும் உங்கட விலையில இருந்து தானே கழிக்கணும், வேற எங்க போய்க் கழிக்க? இதைப் பேராசை எண்டு நினைக்காதீங்க, நாள் கணக்கு. கொழும்புல சில்பி தான் வேணும் எண்டு தேடுறவன் பத்துப் பேர் இரிப்பான். இங்க மூதூர்ல இருந்து நிலாவெளி வரைக்கும் தேடினா ஒருத்தன் இரிக்கலாம், அவனும் இந்த மாசம் கைல காசில்லாம இரிப்பான்.

57 எண்டா நான் வாறேன். யோசிச்சு சொல்லுங்க.

சிவிக்_பைத்தியம்

நானா வியாபாரத்தையும் இதுக்குள்ளயே முடிச்சிட்டார் 😂

மச்சான் உனக்கு பதில் அந்த வட்டம் தான். இந்த நாட்டுல கார் வாங்குறது ஓடுறதுக்கு இல்ல, விக்கிறதுக்கு. எங்கட அப்பா டொயோட்டா கரினா 'மை ரோட்' வச்சிருந்தவர், அது வித்த நாள்ல இருந்து இண்டைக்கு வரைக்கும் கல்யாண வீடு செத்த வீடு எங்க போனாலும் 'அந்தக் கார் என்ன விலை போச்சு தெரியுமா' எண்டு தான் கதை, ஒரு நாளாவது அந்தக் கார் எப்பிடி ஓடிச்சு எண்டு சொன்னது இல்ல. நான் ஹொண்டா சிவிக் எஃப்டி வச்சிருக்கிறன், ஓடிப் பாத்தவனுக்குத் தெரியும். விலையைக் கேக்காதீங்க, அழுகை வரும்.

கராஜ்_அண்ண (பாலையூற்று)

இதுல கொஞ்சம் விபரமா சொல்லணும், இரவு வேலை முடிச்சுட்டு எழுதுறன், எழுத்துப் பிழை பாக்காதீங்க.

முதல், ரெண்டு காரும் ஒரே அகலம் எண்டது தற்செயலா வந்தது இல்ல. ஜப்பான்ல சின்னக் கார் கணக்குல பதியிறதுக்கு ஒரு எல்லை இருக்கு, நீளம் 4.7 மீட்டர், அகலம் 1.7 மீட்டர், எஞ்சின் 2000சிசி, இதைத் தாண்டினா பெரிய கார் பிரிவுக்குப் போயிரும். அதனால எல்லாக் கொம்பனியும் அந்தக் கோட்டுல வந்து முட்டிக்கொண்டு நிக்கும். அலியன் 1695 மில்லிமீட்டர், டொயோட்டா பிரீமியோ 1695, சில்பி ஜி11 1695, டொயோட்டா அக்சியோவும் 1695. எங்கட மத்திய வீதியில வீல் வெட்டி ரிவர்ஸ் எடுக்கிறவனுக்கு இந்த அளவு எவ்வளவு நிம்மதி எண்டு தெரியும், மிட்சுபிஷி லான்சர் இஎக்ஸ் 1760, அதைக் கொண்டு வந்தா கண்ணாடியை மடக்கணும்.

எஞ்சினுக்கு வருவம். அலியன்ல 1என்இசட், சில்பியில எச்ஆர்15. ரெண்டும் டைமிங் செயின், பெல்ட் மாத்துற செலவு இல்ல. ரெண்டையும் கழட்டிப் பூட்டின கை இது. எண்ணெய் நேரத்துக்கு மாத்தினா ரெண்டும் உங்கட பிள்ளை லைசன்ஸ் எடுக்கிற வரைக்கும் ஓடும். அதுல 35 லட்சம் இல்ல, 35 ஆயிரமும் இல்ல.

பகிடி எங்க இருக்கு எண்டா கியர் பொக்ஸ்ல. சில்பி எண்டு சொன்ன உடன சனம் சொல்லுற முதல் வசனம் 'ஐயோ நிசான் சிவிடி, போகும்'. சிவிடி எண்டா படிப்படியா கியர் மாறாத ஓட்டோ பொக்ஸ். தம்பி, உங்கட 1500 ஜி11ல சிவிடியே இல்ல. அதுல இருக்கிறது பழைய நாலு கியர் ஓட்டோ. சிவிடி வந்தது 2000சிசி சில்பிக்கு. இன்னொண்டு சொல்லட்டா, உங்கட அத்தான் 90க்கு வித்த அலியன் 260ல தான் சிவிடி இருக்கு. அலியன் 240ல நாலு கியர், 260க்கு வரேக்க அவங்க சிவிடிக்கு மாறிட்டாங்க. வாங்கிக்கொண்டு போன தம்புள்ளைக்காரர் வீட்டுல போய் 'நல்லகாலம் சிவிடி எடுக்கல்ல' எண்டு சொல்லியிருப்பார்.

சிவிடி எண்டது சும்மா கெட்ட சாமானும் இல்ல. உள்ள ரெண்டு கப்பிக்கு நடுவுல ஒரு இரும்பு பெல்ட், அது வழுக்காம பிடிக்கிறது எண்ணெயில தான் இருக்கு. அதுக்கெண்டு தனி எண்ணெய், நிசானுக்கு என்எஸ்2, என்எஸ்3, டொயோட்டாவுக்கு டிசி, எஃப்இ. ரோட்டோரம் சேர்விஸுக்கு விட்டு, சிவப்பா இருக்கிற சாதாரண கியர் எண்ணெயை ஊத்தினா எந்தக் கொம்பனியிட சிவிடியும் வழுக்கும். ஆரம்பத்துல அப்பிடி ஊத்தினது கனக்க நிசான், பழி நிசானுக்குப் போயிட்டு. இது என்ட கண்ணால பாத்த கணக்கு, இலங்கை முழுக்கச் சொல்லல்ல.

ரீச்சர்_அக்கா

அப்ப அண்ண, கார்ல இல்லாத ஒரு சாமானுக்குப் பயந்து சனம் விலை குறைக்குது, இருக்கிற கார்ல அதே சாமானுக்கு 35 லட்சம் கூடக் குடுக்குது. நான் விளங்கினது சரியா?

கராஜ்_அண்ண (பாலையூற்று)

சரி தான் ரீச்சர். 😀

கோணமலையான் (உவர்மலை)

அண்ண, கோடி நன்றி. இப்ப விளங்குது. போன கிழமை சாம்பல்தீவுப் பக்கம் இருந்து ஒரு குடும்பம் வந்தவங்க, கூட ஒரு பாஸையும் (மெக்கானிக்) கூட்டிக்கொண்டு. பாஸ் காரைச் சுத்தி ஒரு சுத்து சுத்திட்டு, டயரை ஒரு உதை உதைச்சிட்டு, 'கியர் பொக்ஸ் போனா ஆறு லட்சம்' எண்டு சொன்னார். ஓடிப் பாக்கவும் இல்ல. அந்தப் பொம்புளைப் பிள்ளை பின் சீட்டுல ஏறி இருந்து 'நல்லா இருக்குப்பா' எண்டு சொன்னது, அப்பா பாஸ்ட முகத்தைப் பாத்தார், இறங்குங்க எண்டுட்டார்.

ஆனா நீங்க சாமானைப் பத்தி சொல்லல்ல. நான் ஒரு கதை சொல்லுறன். ரெண்டு வருஷத்துக்கு முதல் கோணேசர் கோயிலுக்குப் போயிட்டு இரவு இறங்கேக்க கோட்டைக்குள்ள மான் ஒண்டு குறுக்க பாஞ்சு, முன் லைட் ஒரு பக்கம் சுக்குநூறு. (மானுக்கு ஒண்டும் இல்ல, எழும்பி என்னை ஒரு பார்வை பாத்துட்டு போயிட்டு.) அந்த லைட்டைத் தேடி கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடையளில மூண்டு கிழமை ஆள் அலைஞ்சது. ஒருக்கா கிடைச்சிட்டு எண்டு இரவு பஸ்ஸுல பார்சல் போட்டு அனுப்பினாங்க, காலைல போய் எடுத்தா பழைய மொடல் ஜி10 லைட். திருப்பி அனுப்பி, திருப்பி வந்து, அது வரைக்கும் நான் ஒத்தைக் கண்ணோட ஓடினன், பொலிஸ் ரெண்டு தரம் மறிச்சது. அதே மாதிரி அத்தான் அலியன்ல மாடு முட்டினது கன்னியா பக்கத்துல, அவருக்கு நாலாம் நாள் லைட், பம்பர், கிரில் எல்லாம் வந்திட்டு.

கராஜ்_அண்ண (பாலையூற்று)

அது மெய். எஞ்சின் சாமானுக்கு உங்களுக்குப் பிரச்சினை வராது, எச்ஆர்15 டீடாவுல இருக்கு, நோட்ல இருக்கு, ஏடி வான்ல இருக்கு. 1என்இசட் எண்டது கொரோலா 141, அக்சியோ, விட்ஸ், புரோபொக்ஸ் எண்டு ஊர் முழுக்க, சில்லறைக் கடையில சவர்க்காரத்தோட விக்காதது தான் குறை. ஆனா பொடி (வெளி உடம்பு) சாமான் எண்டது அந்தந்த மொடலுக்குத் தான். சில்பி லைட் சில்பிக்கு மட்டும். நாட்டுல எத்தினை சில்பி ஓடுதோ அத்தினைக்குத் தான் கடைக்காரன் சாமான் இறக்குவான், அவன் இறக்கினா தான் வாங்க யோசிக்கிறவன் பயப்படாம வாங்குவான். ஒண்டு ஒண்டைப் பிடிச்சுக் கொண்டு நிக்குது. 35 லட்சத்துல இதுக்கு ஒரு பங்கு நியாயமாவே இருக்கு.

லீசிங்_தம்பி

நான் ஒரு லீசிங் கொம்பனியில வேலை, பேர் வேண்டாம். உள்ளுக்கு நடக்கிறதை சொல்லுறன், ஒருத்தரும் இதைக் கதைக்கல்ல.

காருக்கு எவ்வளவு வீதம் கடன் குடுக்கலாம் எண்டு மத்திய வங்கி ஒரு உச்ச எல்லை வைக்கும். அது உச்சம் தானே, அதுக்குக் கீழ எவ்வளவு குடுக்கிறது எண்டது எங்கட முடிவு. விலை மதிக்கிற வெலுவர் கார் பாக்க வந்தா ரெண்டு விலை எழுதுவார், ஒண்டு சந்தை விலை, மற்றது அவசரத்துக்கு வித்தா வாற விலை. நாங்க பாக்கிறது ரெண்டாவதை. கட்ட மாட்டாம போய் நாங்க காரைத் தூக்கிக்கொண்டு வந்து யார்ட்ல போட்டா, எத்தினை நாள்ல காசாகும்? நானா சொன்ன கோழிக் கணக்கு தான், எங்களிட்ட கோழி இல்ல, அவ்வளவு தான் வித்தியாசம்.

அலியன், பிரீமியோ, அக்சியோ எண்டா பழசா இருந்தாலும் எங்கட மனேஜர் ஒரு கண்ணை மூடுவார். அதே வருஷ சில்பி, லான்சர் எண்டா ரெண்டு கண்ணையும் திறப்பார். இப்ப யோசிச்சுப் பாருங்க, அலியன் வாங்க வாறவன் கையில 50 இருந்தா மிச்சத்தை லீசிங் போடுவான். சில்பி வாங்க வாறவன் முழுக் காசையும் கையில கொண்டு வரணும். முழுக் காசோட வாற ஆக்கள் ஊர்ல எத்தினை பேர்? அவங்களும் முழுக் காசு இருக்கிறபடியா பேரம் பேசுவாங்க. கோணமலையான் அண்ணட்ட 55 எண்டு நிக்கிறவங்க கையில 55 தான் இருக்கு, அது தான் கதை. காரைப் பத்தி அவங்க ஒரு முடிவும் எடுக்கல்ல.

டொரொன்டோ_மாமா

நான் 1990ல வெளிக்கிட்டவன், உட்துறைமுக வீதி ஆள். வாசிக்க வாசிக்க சிரிப்பு, ஏனெண்டா இங்கயும் இதே கூத்து, பேர் தான் வேற. டொயோட்டா கேம்ரி, ஹொண்டா அக்கோர்ட் ஒரு பக்கம், நிசான் அல்டிமா, செவர்லே மலிபு, ஹியுண்டாய் சொனாட்டா மற்றப் பக்கம். எல்லாம் ஒரே சைஸ், ஒரே வேலை, மூண்டு நாலு வருஷம் போனா விலை ரெண்டாப் பிரியும்.

இங்க பெரிய காரணம் ஒண்டு வாடகைக் கார் கொம்பனி. அல்டிமா, மலிபு மாதிரி கார்களை அவங்க மொத்தமா கழிவு விலைக்கு எடுப்பாங்க, ஒண்டு ரெண்டு வருஷம் ஓட்டிட்டு ஒரே நேரத்துல ஏலத்துல கொட்டுவாங்க. ஒரே நிறம், ஒரே மொடல், வரிசையா நூறு கார் ஏலத்துக்கு வந்தா உன்ட தனிக் காருக்கு யார் விலை சொல்லுறது? புதுசு வாங்கேக்க எவ்வளவு டிஸ்கவுண்ட் குடுக்கிறாங்களோ அவ்வளவும் பழசாகேக்க கழியும்.

எஞ்சின் பழுதெண்டு 2011, 2012 சொனாட்டாக்களை 2015ல அமெரிக்காவுல கொம்பனி திருப்பிக் கூப்பிட்டாங்க, அது நியாயமான பயம். ஆனா இன்னொண்டு கேளுங்க. அமெரிக்காவுல ஹியுண்டாய், கியா எண்ட ரெண்டு கொரியக் கொம்பனியிட கனக்கக் கார்ல திறப்பு இல்லாம ஸ்டார்ட் பண்ணேலாத மாதிரி பூட்டுற இமொபிலைசர் இல்ல, பெடியள் களவெடுத்து வீடியோ போட்டு பெரிய பிரச்சினை ஆகிட்டு. கனடாவுல 2007ல இருந்து அது கட்டாயம், இங்க உள்ள கார் எல்லாத்துலயும் இருக்கு. இருந்தும் என்ட பக்கத்து வீட்டுக்காரன் வாங்க வெளிக்கிட்டு 'களவு போகும்' எண்டு விட்டுட்டான். சில்பி சிவிடி கதை தான் ரீச்சர். பயம் எல்லையைத் தாண்டி வரேக்க கஸ்டம்ஸ் பிடிக்கிறதில்ல.

ரீச்சர்_அக்கா

மாமா, மலிபுவை உற்பத்தியே நிப்பாட்டிட்டாங்க எண்டு வாசிச்சன். நிப்பாட்டினா விலை விழுமா?

டொரொன்டோ_மாமா

ஓம், 2024 கடைசியில நிப்பாட்டினவங்க. கொஞ்சம் அதுவும் தான். சாமான் வராது எண்டு பயம்.

சிவிக்_பைத்தியம்

மாமா அந்தக் கணக்கு இங்க எடுபடாது. அலியன், பிரீமியோ ரெண்டும் 2021 மார்ச்சோட முடிஞ்சுது. சில்பியும் அதுக்கு முதல் வருஷம் ஜப்பான்ல முடிஞ்சுது. ரெண்டும் நிப்பாட்டின கார். ஒண்டு 'இனி வராது, அதனால தங்கம்', மற்றது 'இனி வராது, அதனால தகரம்'. ஒரே காரணத்துக்கு ரெண்டு விடை.

இன்னொரு கூத்து சொல்லுறன், டொயோட்டாவுக்குள்ளயே. அலியனும் பிரீமியோவும் அடியில ஒரே கார், ஒரே எஞ்சின், ஒரே கதவு நீளம். கரினா வழி வந்தது அலியன், கொரோனா வழி வந்தது பிரீமியோ, ஜப்பான்ல வேற வேற ஷோரூம்ல விக்கிறதுக்காக ரெண்டு முகம் செஞ்சாங்க. இங்க பிரீமியோ எப்பவும் கூட. ஏன்? முன் கிரில்ல கொஞ்சம் குரோம், பின்னுக்கு கொஞ்சம் பெரிய மனுசத் தோற்றம், 'டொக்டர்மார் ஓடுற கார்'. அங்க எஞ்சின் பயமும் இல்ல, சாமான் பிரச்சினையும் இல்ல, வெறும் மூஞ்சி. அப்ப கராஜ் அண்ண சொன்ன நியாயம் எல்லாம் எங்க போச்சு?

ஹொண்டா கிரேஸ், டொயோட்டா அக்சியோ ஹைபிரிட் கதை வேற, அதுல ஹொண்டாக்காரன் நானே ஒத்துக்கொள்ளுறன். கிரேஸ்ல ரெண்டு கிளச் வச்ச ஏழு கியர் பொக்ஸ், அக்சியோவுல பல்லுச் சக்கர முறை, அதுல தேயிறதுக்கு கிளச்சே இல்ல. அதே கியர் பொக்ஸ் வந்த ஹொண்டா ஃபிட் 3ஐ ஜப்பான்ல 2013, 2014ல திருப்பித் திருப்பிக் கூப்பிட்டது ஊருக்கே தெரியும், பிறகு திருத்தினாங்க, ஆனா காதுல விழுந்தது விழுந்தது தான். உள்ளுக்கு ஏறி இருந்தா கிரேஸ் தான் கார், அக்சியோ புரோபொக்ஸ் வானுக்கு சீட் போட்ட மாதிரி. (இதுக்கு அடி விழும், வாங்குறன்.)

உப்புக்காத்து (நிலாவெளி)

நான் ஹோட்டல் பக்கம் ஹயர் ஓடுறவன். எல்லாரும் பிராண்டைக் கதைக்கிறீங்க, அடியைக் கதைக்கிறீங்க இல்ல. கொழும்புக்காரன் ஈபி (கிழக்கு மாகாண) நம்பரைக் கண்ட உடன குனியிறது ஏன் தெரியுமா? கறல். கடற்கரையில இருந்து 200 மீட்டருக்குள்ள மூண்டு வருஷம் நிண்ட காரைத் தூக்கிப் பாருங்க, வீல் ஆர்ச் உள்பக்கம், கதவுக்குக் கீழ அந்த நீளப் பெட்டி, டிக்கி நிலம், பிரேக் பைப், எல்லாம் தின்னு கிடக்கும். வெளியில மினுங்கும், உள்ளுக்கு பட்டி வச்சு மறைச்சிருக்கும். நான் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணியால அடி கழுவுறன், நிலாவெளியில நல்ல தண்ணி கிடைக்கிறதே பெரிய விசயம் எண்டது வேற கதை. அண்ண, உங்கட கார் உவர்மலையில எந்தப் பக்கம் நிண்டது?

இன்னொண்டு, 2025 நவம்பர்ல டித்வா புயலோட வந்த வெள்ளத்துக்குப் பிறகு வாங்குறவன் சீட்டுக்கு அடியில கை விட்டுப் பாக்கிறான், பெல்ட்டை முழுக்க இழுத்து சேறு இருக்கா எண்டு மணந்து பாக்கிறான். பிழை சொல்லேலாது. வெள்ளத்துல நிண்ட காருக்கு வட்டம் ஒட்டியிருந்தாலும் ஒண்டு தான்.

கோணமலையான் (உவர்மலை)

மேட்டுல, கராஜுக்குள்ள, கூரையோட. அடி சுத்தம், நாளைக்கு படம் எடுத்துப் போடுறன். வெள்ளம் எங்கட பக்கம் ஏறல்ல. 2022ல பெற்றோல் இல்லாம மூண்டு மாசம் கல்லு வச்சு நிறுத்தினது தான் அதுட பெரிய கஷ்டம். ஜன்னலால பாத்தா சீனக்குடாவுல வெள்ளைக்காரன் கட்டின 99 எண்ணெய்த் தாங்கி, கையில பெற்றோல் பங்கீட்டு கியூஆர் கோட், கிழமைக்கு 20 லீட்டர், லீட்டர் 450 ரூபா. அந்த நேரம் நான் அதை வித்திருந்தா நல்ல விலை வந்திருக்கும் எண்டு அத்தான் இப்பவும் சொல்லுவார்.

ரீச்சர்_அக்கா

அந்த 'நல்ல விலை'யில எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. 2020 மார்ச்சுல இறக்குமதியை நிப்பாட்டினாங்க. 2022ல டொலர் 200ல இருந்து 360க்குப் போச்சு. பிறகு 2025 பெப்ரவரியில தான் தனியார் வாகனம் திரும்பத் திறந்தாங்க, அதுவும் சிசிக்கு ஏற்ப ஏறுற வரியோட. அப்ப உங்க அத்தான் 2011ல எடுத்த விலையை விட எவ்வளவோ கூட வித்தார் எண்டா கார் பெறுமதி கூடினது இல்ல, ரூபா பெறுமதி குறைஞ்சது. டொலர்ல போட்டுப் பாருங்க, அவரும் இழந்திருப்பார். வேற எந்த நாட்டுல 17 வருஷக் காருக்கு வாங்கின விலையை விடக் கூடக் கேப்பாங்க? நீங்களும் அத்தானும் ஒரே ஆத்துல ஒரே பக்கம் இழுபட்டுக்கொண்டு போறீங்க, அவர் கட்டையைப் பிடிச்சிருக்கிறார், அவ்வளவு தான்.

வீட்டுக்குப் பின்னால இறக்கின பத்தியை மறந்திட்டீங்க. அந்த 7 லட்சத்துக்கு இண்டைக்கு அதைக் கட்ட ஏலுமா?

கோணமலையான் (உவர்மலை)

அக்கா... ஏலாது. சீமெந்து விலைக்கு சுவர் ஒண்டு கூட எழும்பாது. இதை இண்டைக்கே அத்தானுக்கு சொல்லுறன் 😄

மூதூர்77

பின்னால இருந்து வாசிச்சுக்கொண்டு இருந்தன். என்னட்ட ஜி11 ஒண்டு இருக்கு, 2007, அஞ்சு வருஷமா ஓடுறன், கியர் பொக்ஸை ஒருக்காவும் தொடல்ல, எண்ணெய் மட்டும். எங்கட அண்ணன் கந்தளாயில இருக்கிறவர் அதே மாதிரி ஒண்டு தேடுறார், ஏனெண்டா என்ட காரை ரெண்டு மாசம் வாங்கி ஓடிட்டு திருப்பித் தர மனம் வரல்ல. 58க்கு வருமா?

கிண்ணியா_நானா

தம்பி கோணமலையான், அவசரப்பட்டு தலை ஆட்டாதீங்க. சில்பி வச்சிரிக்கிறவன் தான் சில்பிக்கு விலை தருவான், இது நானே சொல்லக் கூடாது, சொல்லிட்டேன். விளம்பரத்தை மாத்துங்க. 'நல்ல கண்டிஷன், பாத்து வாங்கலாம்' எண்டு எல்லாரும் போடுறது தான், எவனும் வாசிக்க மாட்டான். முதல் வரியில 'சிவிடி இல்ல, நாலு கியர் ஓட்டோ' எண்டு போடுங்க. ரெண்டாவது வரியில பில் ஃபைல் இரிக்கி எண்டு போடுங்க. அடியைப் படம் எடுத்து முதல் படமா போடுங்க, முன் பக்கத்தை எல்லாரும் பாத்திரிக்காங்க. கொஞ்சம் பொறுத்தா 60க்கு மேல வரும். பொறுக்கிறதுக்கு உங்களுக்கு வட்டி இல்ல, எனக்கு இரிக்கி.

கோணமலையான் (உவர்மலை)

பத்து நாளைக்குப் பிறகு எழுதுறன், கேட்டவங்களுக்காக.

நானா சொன்ன மாதிரி மாத்திப் போட்டன். கோல் கூடல்ல, அதே நாலு அஞ்சு தான், ஆனா எடுத்தவன் எல்லாம் விளங்கின ஆள். ஒருத்தர் வவுனியாவுல இருந்து எடுத்து கியர் எண்ணெய் எந்த இலக்கம் ஊத்தினது எண்டு கேட்டார், பில்லைப் பாத்து சொன்னன், மனுசன் அப்பவே பாதி வாங்கிட்டார், ஆனா லீசிங் சரிவரல்ல. கடைசியில மூதூர்77 தன்ட அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கராஜ் அண்ணட்ட கொண்டு போய் தூக்கிக் காட்டினம், அலஸ்தோட்டம் வரைக்கும் ஓடினம், திரும்பி வந்து தேத்தண்ணி குடிச்சு 61க்கு முடிஞ்சுது. 90 இல்ல. ஆனா சாம்பல்தீவு பாஸ் சொன்ன ஆறு லட்சம் திரும்பி வந்திட்டு எண்டு வச்சுக்கொள்ளுறன்.

வெளிக்கிடேக்க அண்ணன்காரர் என்ட கராஜ் மூலையில கிடந்த உடைஞ்ச பழைய லைட்டைக் கண்டுட்டார், மான் உடைச்சது. அது என்னத்துக்கு எண்டு கேட்டன். 'உள் பல்ப் ஹோல்டர் நல்லா இருக்கு, இது எங்கயும் கிடைக்காது' எண்டு துடைச்சு எடுத்து, பின் சீட்டுல வச்சு சீட் பெல்ட்டும் போட்டுக் கொண்டு போனார்.

கிண்ணியா_நானா

61ஆ? மாஷா அல்லாஹ். சரி தம்பி, அந்தக் காசு சும்மா கிடக்கக் கூடாது. 2003 அலியன் 240 ஒண்டு நேத்து வந்திரிக்கி, நாலு கியர் தான், பின்னேரம் ஒருக்கா வந்து பாருங்க. கெதியா வாங்க, மூணு பேர் கோல் எடுத்துட்டானுகள்.